ஆறுகிற புண்தான் அடைக்கிறது: குழந்தைகளின் மூச்சுக்குழாய் அறுவைக்குப் பிறகு

பெட்டி ஜூஸின் முதுகில் ஒட்டி வருமே, அந்த ஸ்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அந்தப் பருமன்தான். நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். உள்ளே 4 மில்லிமீட்டர் வழி. அதன் சுவர் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் வழி 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். பாதிதானே குறைந்தது என்று தோன்றும். காற்றின் கணக்கு வேறு. சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் காட்டும் எதிர்ப்பு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்கு ஏறும். அழுதுகொண்டு வேகமாக மூச்சிழுக்கும் குழந்தைக்குக் காற்று சீராக ஓடாமல் சுழன்று அடிப்பதால் இன்னும் மோசம். 16 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரியவரின் குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் எதிர்ப்பு இரண்டு மடங்குகூட ஆகாது. அவர் தொண்டையைச் செருமிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

குழந்தைகளின் மூச்சுக்குழாயில் கத்தி வைத்த பிறகு வருகிற சிக்கல்களைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கோடு இன்னொன்றும் வேண்டும். கையில் வெட்டுப்பட்டால் முதலில் சிவந்த புதுச்சதை எழும், பிறகு அது தழும்பாகும், தழும்பு மெல்லச் சுருங்கி இறுகும். கையில் அது பார்வைக்கு மட்டும்தான் குறை. ஒரு குழாயின் உட்சுவரில் சதை எழுந்தால் வழியைத்தான் மறிக்கும், தழும்பு சுருங்கினால் வளையமாகத்தான் நெரிக்கும். புண் ஆறவில்லையே என்று கவலைப்பட்டுத்தான் நமக்குப் பழக்கம். இங்கே அது ஆறுகிற விதம்தான் கவலை.

வரலாறும் அப்படியே நடந்திருக்கிறது. ஒவ்வொரு வைத்தியமும் அடுத்த நோயைப் பெற்றெடுத்தது. 1825-இல் பிரான்சின் தூர் நகரத்து மருத்துவர் பியர் பிரெட்டோனோ, தொண்டை அடைப்பான் நோயில் மூச்சடைத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் கழுத்தில் துளையிட்டுப் பிழைக்க வைத்தார். அந்த நோய்க்கு டிஃப்தீரியா என்ற பெயரின் மூலமும் அவர் வைத்ததுதான். அவருடைய சீடர் த்ரூஸோ இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதைச் செய்தார். நாலில் ஒன்று பிழைத்தது. அன்றைக்கு அது பெரிய வெற்றி. ஆனால் பிழைத்தவர்களில் சிலருக்குத் துளையிட்ட இடம் சுருங்கிப்போனது. 1921-இல் அமெரிக்காவின் ஷெவாலியே ஜாக்சன் காரணத்தைச் சொன்னார்: அவசரத்தில் துளையை மிக மேலே, குரல்வளைக்கு ஒட்டிப் போடுகிறார்கள். அங்கே இருக்கும் கிரிகாய்டு என்ற குருத்தெலும்பு காயப்பட்டால் வழி நிரந்தரமாகக் குறுகும்.

அந்த கிரிகாய்டை கவனித்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும். மூச்சுக்குழாயைத் தாங்கும் மற்ற குருத்தெலும்புகள் குதிரை லாடம் போலப் பின்பக்கம் திறந்திருக்கும். அதனால் வீக்கம் வந்தாலும் சற்று விலகிக் கொடுக்க இடமுண்டு. கிரிகாய்டு மட்டும் முழு மோதிரம். வீக்கம் வெளியே போக வழியில்லை, உள்ளேதான் வரும்.

1965 வாக்கில் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னிலும் அடிலெய்டிலும், மருத்துவர்கள் கழுத்தில் துளையிடாமல் மூக்கு வழியாகவே பிளாஸ்டிக் குழாயை நாள்கணக்கில் விட்டுவைத்துப் பச்சிளம் குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார்கள். குறைமாதக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதில் அதற்கும் பங்குண்டு. சில வருடங்களில் அதே குழந்தைகள் வேறொரு பிரச்சினையோடு வந்தார்கள். குழாய் கிரிகாய்டின் உட்சுவரை அழுத்தியிருக்கிறது, ரத்தம் ஓடாமல் அங்கே புண்ணாகி, புண் ஆறி, தழும்பு வளையமாக இறுகியிருக்கிறது. குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே வரும் இந்தக் குறுக்கம் இன்றும் குழந்தைகளின் மூச்சுவழி அறுவைகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

எவ்வளவு குறுகியிருக்கிறது என்று அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். மயக்கம் கொடுத்துவிட்டு, சாதாரண மூச்சுக் குழாய்களை அளவு வாரியாக விட்டுப் பார்க்கிறார்கள். எந்த அளவுக் குழாயைச் சுற்றி லேசாகக் காற்று கசிகிற சத்தம் கேட்கிறதோ அதுதான் இப்போதைய வழி. வயதுக்கு இருக்க வேண்டிய அளவோடு அதை ஒப்பிட்டு, பாதி வரை அடைப்பு என்றால் முதல் நிலை, 70 சதவீதம் வரை இரண்டாவது, 99 வரை மூன்றாவது, வழியே இல்லையென்றால் நான்காவது. 1994-இல் மையரும் காட்டனும் சொன்ன இந்த வரிசையைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் காட்டன், ராபின் காட்டன். டொரன்டோவில் தொடங்கி சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் அவர் வளர்த்தெடுத்த அறுவையின் யோசனை எளிது. சட்டை இறுக்கமாக இருந்தால் தையல்காரர் பக்கவாட்டைப் பிரித்து ஒரு துண்டு வைத்துத் தைப்பார் இல்லையா? கிரிகாய்டைப் பிளந்து, குழந்தையின் விலாவிலிருந்தே ஒரு சின்னக் குருத்தெலும்புத் துண்டை எடுத்து இடையில் வைத்துத் தைத்துவிடுவது. வழி அகன்றுவிடும். ஆனால் தைத்த துண்டு பிடித்து ஆறும் வரை, வழி சுருங்காமல் உள்ளே ஏதாவது நின்று தாங்க வேண்டும். சிக்கல்கள் தொடங்குவது இங்கே.

இரண்டு கட்டமாகச் செய்தால், உள்ளே ஒரு ஸ்டென்டை, அதாவது தாங்கு குழாயை வைத்து, கீழே கழுத்துத் துளை வழியாகக் குழந்தை மூச்சு விடும். வாரக்கணக்கில் ஸ்டென்ட் இருக்கும். அதன் இரண்டு முனைகளும் உரசும் இடத்தில் சதை எழும். ஒரே கட்டமாகச் செய்தால் கழுத்தில் துளை இருக்காது, மூக்கு வழியாக விட்ட குழாயே ஸ்டென்ட். ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் அப்படியே ஐசியூவில். குழந்தை தலையைத் திருப்பினால் குழாய் உரசும், பிடுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மார்ஃபின் வகை மருந்துகளால் தூங்க வைக்கிறார்கள். அசையாமல் படுத்திருக்கும் குழந்தைக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது, சளி தேங்குகிறது, நிமோனியா வருகிறது. மருந்தை நிறுத்தும்போது உடல் அதைக் கேட்டு அலறுகிறது: வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, ஓயாத அழுகை. அழுதால் தொண்டை வீங்கும். அறுவை அரங்கில் நாலைந்து மணி நேரத்தில் முடிந்த வேலையைக் காப்பாற்ற, செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் நாள்கணக்கில் இப்படிக் கம்பி மேல் நடக்கிறார்கள். பேட்டி கொடுப்பது என்னவோ சர்ஜன்தான்.

குழாயை எடுக்கிற நாளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் கொடுத்து வீக்கத்தை அடக்குகிறார்கள். பெரும்பாலும் அரங்கிலேயே ஸ்கோப் (உள்ளே பார்க்கும் கருவி) விட்டு ஒட்டிய துண்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பது. எடுத்தபின் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம், நெஞ்சுக்குழியும் விலா இடுக்குகளும் உள்வாங்குவது, மூக்கு விடைப்பது. இதுதான் வழி குறுகுவதன் முதல் செய்தி. அட்ரினலினை நெபுலைசரில் வைத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி வீக்கம் வடியும். ஆனால் அதன் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடங்கிவிட்டதே என்று வார்டுக்கு அனுப்பிவிட்டால் அங்கே போய்த் திரும்ப ஆரம்பிக்கும். ஹீலியம் கலந்த ஆக்சிஜன் இன்னொரு உபாயம். ஹீலியம் வீக்கத்தைக் குறைப்பதில்லை. காற்றைவிட அடர்த்தி குறைவு என்பதால் குறுகிய வழியில் சுழலாமல் நழுவிப் போகிறது, அவ்வளவுதான். மருந்து வேலை செய்யும் வரை நேரம் வாங்கித் தருகிறது. ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும் குழந்தைக்கு அதுவும் உதவாது, கலவையில் ஹீலியத்துக்கு இடமிருக்காது. சத்தம் குறைவது எப்போதும் நல்ல செய்தியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். களைத்துப்போய்க் காற்றே போகாத குழந்தையிடமிருந்தும் சத்தம் வராது.

வேறொரு வகைக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மூச்சுக்குழாய் வளையங்கள் லாடமாக இல்லாமல் முழு மோதிரங்களாகவே அமைந்துவிடுகின்றன. குழாய் நீளம் முழுக்கக் குறுகியிருக்கும். நுரையீரலுக்குப் போகும் இடது ரத்தக்குழாய் வழிதவறி, மூச்சுக்குழாய்க்குப் பின்னால் கயிறு போலச் சுற்றி வருவதும் பல சமயம் கூடவே இருக்கும். 1989-இல் லண்டனில் விக்டர் சாங்கும் பீட்டர் கோல்ட்ஸ்ட்ராவும் குழுவினரும் இதற்கு ஒரு அருமையான வழி சொன்னார்கள். குறுகிய பகுதியை நடுவில் குறுக்கே வெட்டுங்கள். மேல் துண்டின் பின்பக்கத்தையும் கீழ்த் துண்டின் முன்பக்கத்தையும் நீளவாக்கில் கிழியுங்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கிவிட்டுத் தையுங்கள். குறுகிய பகுதியின் நீளம் பாதியாகும், சுற்றளவு இரட்டிப்பாகும். சுற்றளவு இரட்டித்தால் குறுக்குப் பரப்பு 4 மடங்கு, காற்றின் எதிர்ப்பு 16-இல் ஒரு பங்கு. எந்த நான்காம் அடுக்கு குழந்தையை நெரித்ததோ அதே நான்காம் அடுக்கு இப்போது அதன் பக்கம்.

இன்னொரு புத்திசாலித்தனமும் இதில் இருக்கிறது. வெளியிலிருந்து ஒட்டுப்போடவில்லை. உள்ளே இருக்கும் ஈரச்சவ்வு குழந்தையின் சொந்தச் சவ்வு, சொந்த ரத்த ஓட்டத்தோடு. சவ்வு மூடிய இடத்தில் புதுச்சதை எழ அவ்வளவு காரணமில்லை. அதற்கு முந்தைய முறைகளில் இதயத்தின் மேலுறையையோ விலாக் குருத்தெலும்பையோ ஒட்டாக வைத்தபோது ஒட்டின் மேல் சதை வளர்ந்து வளர்ந்து அடைத்தது. சறுக்கு முறையிலும் தொல்லை இல்லாமலில்லை. தைத்த ஓரம் உள்நோக்கி மடிந்தால் வழி எட்டு என்ற எண் வடிவத்துக்குப் போய்விடும், அப்போது பலூன் விட்டு விரிக்க வேண்டிவரும். குரல்நாண் நரம்பு காயப்படலாம். குழாய் குட்டையாகிவிட்டதால் தையல் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது, எனவே முதல் சில நாள்கள் குழந்தையின் கழுத்து பின்னால் சாயாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். தையலில் கசிவு இருந்தால் முதலில் சொல்வது விரல்தான்: கழுத்தையோ மார்பையோ தொட்டால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குவது போல நொறுநொறுக்கும். அங்கே காற்று புகுந்திருக்கிறது.

தளர்ந்தோ சுருங்கியோ போன குழாயை உள்ளிருந்து கம்பி வலையால் முட்டுக்கொடுத்து நிறுத்தலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வந்தது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போலவே உலோக ஸ்டென்டுகளை வைத்தார்கள். குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது. வலையின் கண்கள் வழியே சதை புகுந்து அதை விழுங்கிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., புற்றுநோய் அல்லாத மூச்சுவழிக் குறுக்கத்துக்கு உலோக ஸ்டென்டை வேறு வழியே இல்லாவிட்டால் தவிர வைக்காதீர்கள் என்று எச்சரித்தது.

அந்த எச்சரிக்கையின் பொருளை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு சிறுவனிடம் பார்க்கலாம். நீண்ட குறுக்கத்தோடு பிறந்தவன். அவனுக்கு வைத்த உலோக ஸ்டென்ட் மூச்சுக்குழாயை அரித்து, பக்கத்தில் ஓடும் பெருந்தமனிக்குள் போய்விட்டது. உயிர் போகிற ரத்தப்போக்கு. 2010 மார்ச்சில், பத்து வயதில், இறந்தவர் ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து உயிரணுக்களையெல்லாம் கழுவி நீக்கி, சிறுவனின் சொந்த ஸ்டெம் செல்களைத் தூவி, அவனுக்குப் பொருத்தினார்கள். உலகில் ஒரு குழந்தைக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. செய்தித்தாள்கள் அற்புதம் என்றன. இரண்டு வருடம் கழித்து மருத்துவர்கள் எழுதிய அறிக்கை நிதானமானது: ஒரு வாரத்தில் ரத்த ஓட்டம் வந்தது, உட்சவ்வு மூடியதற்கான அடையாளம் தெரிய ஒரு வருடம் ஆனது, சில இடங்களில் குழாய் சரியாமல் தானே நிற்கும் வலுப்பெற 18 மாதம் ஆனது. அதுவரை திரும்பத் திரும்ப ஸ்கோப், சுத்தம் செய்தல், தாங்கு ஸ்டென்ட். பையன் 11 சென்டிமீட்டர் வளர்ந்து பள்ளிக்கூடம் திரும்பினான். என்னைக் கேட்டால் அற்புதம் அந்த 18 மாதக் காவல்தான்.

அந்தக் குழுவில் இருந்த பாவ்லோ மாக்கியாரினி பிறகு முழுப் பிளாஸ்டிக் மூச்சுக்குழாய்களைப் பொருத்தக் கிளம்பினார். ரத்த ஓட்டமே இல்லாத பிளாஸ்டிக்கின் மேல் சவ்வு வளரும் என்று நம்பச் சொன்னார். 2013-இல் அமெரிக்காவின் பியோரியாவில் அப்படிப் பொருத்தப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை மூன்று மாதத்தில் இறந்தது. ஸ்டாக்ஹோமில் அவர் அறுவை செய்த மூன்று பெரியவர்கள் தொடர்பான வழக்கில் 2023-இல் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருடச் சிறை விதித்தது. நேர்மாறாக, 2012-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்தது அடக்கமான யோசனை: மூச்சுக்கிளை சரிந்துபோகும் ஒரு கைக்குழந்தைக்கு, சில வருடங்களில் உடலிலேயே கரைந்துவிடும் பாலிகாப்ரோலாக்டோன் உறையை 3டி பிரின்டரில் அச்சிட்டு, கிளைக்கு வெளியே மாட்டி, சுவரை அதோடு இழுத்துத் தைத்தார்கள். உட்சவ்வை யாரும் தொடவில்லை. தொடாத இடத்தில் தழும்பு ஏது?

இந்தப் பெரிய அறுவைகளெல்லாம் உலகில் சில மையங்களில், சில நூறு குழந்தைகளுக்கு நடப்பவை. அவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக நடப்பது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது, ட்ரக்கியாஸ்டமி. ஐசியூவில் பத்துப் பேர் பார்த்துக்கொண்ட வழியை வீட்டில் ஒரு அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் மருத்துவமனையிலேயே போகும், அது மிக அபாயமான வாரம். தோலிலிருந்து மூச்சுக்குழாய் வரை பாதை இன்னும் உருவாகியிருக்காது. குழாய் வெளியே வந்துவிட்டால் சதை மூடிக்கொள்ளும், திரும்பச் சொருகினால் பக்கத்துச் சதைக்குள் போய்விடலாம். அதற்காகத்தான் துளையின் இருபுறமும் நீள நூல்களை விட்டு மார்பில் ஒட்டியிருப்பார்கள். குழாய் நழுவினால் அந்த நூல்களைப் பிடித்து இழுத்தால் மூச்சுக்குழாயே மேலே வந்து வாய் திறக்கும். அழுக்காக இருக்கிறதே என்று யாராவது வெட்டிவிடாமல் இருக்க "எடுக்காதீர்கள்" என்று அதன் மேல் எழுதி வைப்பது வழக்கம்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டே எதிரிகள்: அடைப்பும் நழுவலும். குழாய் வைத்த குழந்தைகளில் இறப்பவர்கள் பெரும்பாலும் அடிப்படை நோயால்தான் இறக்கிறார்கள். குழாயால் நேரும் இறப்புகளுக்கு மட்டும் பெரும்பாலும் இந்த இரண்டே காரணம். மூக்கு செய்கிற வேலை, அதாவது காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசு வடிகட்டுவது, இப்போது நடப்பதில்லை. காய்ந்த காற்று நேரே உள்ளே போகிறது, சளி பசையாகிப் பக்காகிறது. அதனால்தான் குழாயின் வாயில் மாட்டும் சின்ன ஈர வடிகட்டி. இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையில் அது இன்னும் அவசியம்.

சளி எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் உள்ள துல்லியம் தெரியும். குழந்தையின் குழாய் 4.0 என்றால் சளியை உறிஞ்சும் மெல்லிய குழாயான சக்‌ஷன் கேத்தீட்டர் 8-ஆம் நம்பர். நம்பர்தான் இரட்டிப்பு, அளவுமுறை வேறு, கேத்தீட்டர் குழாயைவிட மெல்லியதுதான். பழக்கப்பட்ட அம்மா கேத்தீட்டரை எடுத்ததும், சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அதே மாதிரிக் குழாயின் படத்தில் வைத்து, எதுவரை விடலாம் என்று விரலால் பிடித்துக்கொள்வார். குழாயின் முனையைத் தாண்டி அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் முனை சுவரைக் குத்தும், குத்திய இடம் புண்ணாகும், அப்புறம் அதே பழைய கதை. உள்ளே விட்டு, உறிஞ்சிக்கொண்டே வெளியே இழுத்து, ஐந்தாறு வினாடியில் முடித்துவிட வேண்டும். அந்த நேரம் குழந்தை மூச்சு விடுவதில்லை. சில அம்மாக்கள் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

கரன்ட் போனால்? சக்‌ஷன் மிஷினுக்கு பேட்டரி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். காலால் மிதிக்கும் சக்‌ஷன் கிடைக்கிறது. பழையது, அசிங்கமானது, ஆனால் மின்வாரியத்தை நம்பி இல்லை. குழந்தை எங்கே போனாலும் கூடவே போக வேண்டிய பை ஒன்று உண்டு: அதே அளவில் ஒரு மாற்றுக் குழாய், ஒரு அளவு சிறியது ஒன்று, கட்டும் நாடா, கத்தரிக்கோல், கேத்தீட்டர்கள், கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆம்பு பை. சிறிய அளவுதான் உயிர் காக்கும் துண்டு. பழையது வராமல், புதியது நுழையாமல் நிற்கும்போது அது நுழைந்துவிடும். மூச்சு முட்டினால் முதலில் சளி எடுத்துப் பார்ப்பது, கேத்தீட்டரே உள்ளே போகவில்லை என்றால் யோசிக்காமல் குழாயை மாற்றுவது, நுழையாவிட்டால் சிறியது. இதை வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனையிலேயே கையால் பலமுறை செய்துபார்த்திருக்க வேண்டும், படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. துளைக்கு மேலே உள்ள மூச்சுவழி, அதாவது மேல்வழி, முழுதும் அடைத்த குழந்தைக்கு வாய்வழி காற்று கொடுத்துப் பயனில்லை என்பதும் ஊரில் உள்ள டாக்டருக்குத் தெரியாமல் போகலாம். அதை எழுதிய அட்டை பையிலேயே இருக்கட்டும்.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்கள் எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இருக்காது. தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணி காட்டுவது, கொசுவத்தி, கழுத்தெல்லாம் பவுடர் அப்புவது. இந்தக் குழந்தைக்கு இவை நேராக நுரையீரலுக்குப் போகும். கழுத்தில் தாயத்தும் வேண்டாம், நாடாவோடு சிக்கும். பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி அறுவை. நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழைந்தால் குழாய் வெளியே வரும். சளியில் லேசான ரத்தக்கோடு பெரும்பாலும் உரசல்தான். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால், தானாக நின்றுவிட்டாலும், உடனே மருத்துவமனை. குழாய் பெரிய ரத்தக்குழாயை அரிப்பது அரிது, ஆனால் அது சில சமயம் இப்படித்தான் ஒருமுறை எச்சரித்துவிட்டு வரும்.

பெற்றோரை முதல் வாரத்தில் உலுக்குவது இவை எதுவுமில்லை. காற்று குரல்நாண்களுக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால் குழந்தை அழுதால் சத்தம் வராது. வாய் கோணி, முகம் சிவந்து, கண்ணீர் வழியும், அறை அமைதியாக இருக்கும். அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. அதனால்தான் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானிட்டரும், முறைவைத்து விழித்திருக்கும் ஒரு ஆளும்.

மேல்வழி சரியானபின் குழாயை எடுக்கலாம். சின்ன அளவுக்கு மாற்றி, பகலில் மூடி போட்டு, இரவிலும் போட்டுப் பார்த்து, ஸ்கோப் விட்டு, துளைக்கு மேலே வளர்ந்திருக்கும் சதையை வெட்டிவிட்டு, கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே வைத்து எடுப்பார்கள். துளை தானாக மூடிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். வருடக்கணக்கில் குழாய் இருந்த குழந்தைகளில் பலருக்கு மூடாது. இத்தனை நாளும் வழியை அடைக்கப் பார்த்த உடல், அந்தத் துளையின் சுவரை மட்டும் உள்ளே வரை தோலாலேயே மெழுகி ஆற்றி வைத்திருக்கும். ஆறிய புண் எப்படி மூடும்? இருமினால் அங்கிருந்து சளி தெறிக்கும், பேசினால் காற்று கசியும். பல மாதங்கள் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு சின்ன அறுவை செய்கிறார்கள். அதிலும் தோலை இறுக்கித் தைத்துவிட முடியாது. குழந்தை இருமியதும் காற்று உள்ளேயே சிக்கிக் கழுத்துச் சதைக்குள் புகும். அதனால் காற்று வெளியேற ஒரு ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் தைக்கிறார்கள்.